பத்து மணிக்கு மேல் நடந்தது

அந்த அக்காவோடு உட்கார்ந்து டிவி பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நாடகத்தில் ஒருத்தி வாயைத் திறப்பதற்குள் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று இவர் சொல்லிவிடுவார். அவள் வேறு மாதிரி பேசிவிட்டால் தப்பு அவளுடையதுதான். "இவளுக்குப் பேசத் தெரியலலா. நானா இருந்தா..." என்று ஆரம்பித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே முழு நாடகத்தையும் திருத்திவிட்டுத்தான் மூச்சு விடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் கொட்டாவி விட்டாலும் சரி, எழுந்து போனாலும் சரி, அவருக்குக் கவலையில்லை.

நான் கல்யாணம் முடிந்து பாகான் செராயிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். ஈப்போவிலிருந்து பஸ் ஏறி மண்ரோட்டு முனையில் இறங்கினால், ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து போகவேண்டும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு அக்காவுடையது. வந்த புதிதிலேயே எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு சண்டை. அவர் பாதியில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "அழுவாத புள்ள. கள்ளுக்கடை வரைக்கும் போவான், சுருட்ட எடுத்துட்டு வரலைன்னு ஞாபகம் வரும், திரும்பி வருவான். நீ ஒண்ணும் பேசாம சோத்தப் போடு. மீன் இல்லையான்னு கேப்பான். அதோட சண்டை முடிஞ்சிரும்" என்றார். அப்படியே நடந்தது. மீனைக்கூட அப்படியே கேட்டார். அன்றிலிருந்து நான் அக்காவின் ஆள்.

பாதியில் நின்றுபோன எதையும் அவரால் அப்படியே விட முடியாது. கோயில் திடலில் திரை கட்டிப் படம் போடும்போது மழை கொட்டிப் படம் நின்றுவிட்டால், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மீதிக் கதையைச் சொல்லி முடித்துத்தான் எங்களை வீட்டுக்கு விடுவார். அவர் சொல்லும் முடிவில் யாரும் சாகமாட்டார்கள். தப்பித்தவறி ஏற்கெனவே செத்திருந்தாலும் நல்ல கதிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

தோட்டத்து மண்டபத்தில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. வியாழக்கிழமை இரவு ஒன்பதரைக்கு அதில் ஒரு வெள்ளைக்காரப் பேய் நாடகம் வரும். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர். எங்களுக்கு அது பேய் ஸ்டேசன். பனி மூடின ஒரு சின்ன ஊர். ராத்திரி கடைசி ரயிலில் ஒருவர் வந்து இறங்குவார். வாரத்துக்கு ஒருவர். எல்லாரும் செத்துப்போனவர்கள். ஸ்டேசன் மாஸ்டர் விளக்கைத் தூக்கி முகத்தைப் பார்த்து, விடிவதற்குள் திரும்பி வந்துவிடு என்பார். செத்தவர் தன் வீட்டுக்கு நடந்து போவார். மனைவியோ மகனோ அம்மாவோ மேசை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இவரும் போய் உட்கார்ந்து பேசத் தொடங்குவார்.

கீழே மலாயில் எழுத்து ஓடும். எங்களில் பாதிப் பெண்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது, தெரிந்தவர்களுக்கு அந்த வேகம் வராது. அக்காதான் முன்னால் உட்கார்ந்து எழுத்தைப் படித்துப் படித்துத் தமிழில் சத்தமாகச் சொல்வார். சும்மா சொல்லமாட்டார். "எப்படி இருக்கேன்னு கேக்கிறான். கேக்கிற மூஞ்சியப் பாரு, உயிரோட இருந்தப்ப கேட்டிருப்பானா?" என்று நடுவில் தன்னுடையதையும் சேர்த்துக்கொள்வார். எது எழுத்தில் இருந்தது, எது அக்காவுடையது என்று யாருக்கும் தெரியாது.

சரியாகப் பத்து மணிக்குத் தோட்டத்துக்குக் கரண்டு கொடுக்கும் இஞ்சினை நிறுத்திவிடுவார்கள். அது துரையின் உத்தரவு. படம் சுருங்கிச் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி அணைந்துபோகும். நாடகமோ பத்தரைக்குத்தான் முடியும். இஞ்சின்காரரிடம் கெஞ்சிப் பார்த்தாகிவிட்டது, பலகாரம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. ஒருநாளும் நாங்கள் மறுபாதியைப் பார்த்ததில்லை.

மறுபாதி மறுநாள் காலையில் பெரட்டில் கிடைக்கும். ஆள் கணக்கு எடுக்க இருட்டோடு வரிசையில் நிற்கும்போது அக்கா ஆரம்பித்துவிடுவார். செத்துப்போன கணவனுக்கு மனைவி சோறு போட்டாள், அவனும் வயிறாறச் சாப்பிட்டான், மன்னிப்புக் கேட்டான், பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விடியும்போது கிளம்பினான். "நீங்க பாத்தீங்களாக்கா?" என்று நான் ஒருதரம் கேட்டுவிட்டேன். "பாக்கணுமா? பாதி தெரிஞ்சா மீதி தெரியாதா?" என்றார். கணக்கு எழுதும் கிராணி அதட்டும்வரை கதை ஓடும். மரத்துக்கு மரம் பால் வெட்டும்போதும் அதே பேச்சுத்தான். பழைய ஸ்டேசன் மாஸ்டருக்குப் பதில் புது ஆளைப் போட்டபோது அக்காவுக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "இவனப் பாத்தா செத்தவங்கள வரவேற்கிறவன் மாதிரியா இருக்கு? பஸ்ஸு டிக்கெட் கிழிக்கிறவன் மாதிரி இருக்கான்" என்றார். அந்த வாரம் முழுக்க யாரும் புது மாஸ்டரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அவர் வீட்டுக்காரர் இதற்கு நேர்மாறு. வாயே திறக்கமாட்டார். மண்டபத்துக்கு வந்து தூணில் சாய்ந்தவுடன் தூங்கிவிடுவார். இஞ்சின் நின்றதும் அக்கா இடித்து எழுப்புவார். "முடிஞ்சுதா?" என்பார். "நாளைக்குச் சொல்றேன், எந்திரிங்க" என்று அக்கா முன்னால் நடக்க, அவர் பின்னால் தூக்கக் கலக்கத்தில் தடுமாறிக்கொண்டு போவார். அவர்களுடைய ஒரே குழந்தை, மகள், அவர் தோளில் தொங்கும்.

தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் ஆண்கள் வேறு வேலை தேட ஆரம்பித்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் தன் முப்பத்தாறாவது வயசில் ஒரு காண்டிராக்டரோடு பகாங்குக்கு மரம் வெட்டப் போனார். வருசக் கடைசி மழையில் ஆறு பெருகி, ஆட்கள் தங்கியிருந்த கொங்சிக் கொட்டகையை அடித்துக்கொண்டு போய்விட்டது. சிலரைப் பிணமாக எடுத்தார்கள். அவரை எடுக்கவில்லை. தப்பி வந்த ஒருவன், வெள்ளத்துக்கு முன்னாலேயே அவர் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொன்னான். இன்னொருவன், அதெல்லாம் இல்லை, அன்று இரவு பக்கத்தில்தான் படுத்திருந்தார் என்றான். இவ்வளவுதான் தெரிந்தது.

அடுத்த வருசம் அக்கா வீட்டுக்காரரின் அண்ணன் வந்து கருமாதி செய்துவிடலாம் என்று பேச்செடுத்தார். நானும் அங்கே இருந்தேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலேயே சொன்னார்:

"செத்திருந்தா வந்திருப்பாரு."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வியாழக்கிழமை தவறாமல் எத்தனை பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். நேரே வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, மேசை முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். செத்தவர்கள் எப்படியும் வருவார்கள் என்றுதான் நாங்கள் பார்த்த பாதி சொன்னது. இவர் வரவில்லை. ஆகையால் சாகவில்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை.

அப்போது எனக்கு அது பெரிய தைரியமாகத் தெரிந்தது. பிறகுதான் அந்தப் பேச்சின் இன்னொரு பக்கம் உறைத்தது. சாகவில்லை என்றால், உயிரோடு இருந்துகொண்டே வராமல் இருக்கிறார். அந்த மனுசிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? பாதி தெரிந்தால் மீதி தெரியாதா என்று கேட்டவர் ஆயிற்றே. ஒவ்வொரு நாளும் பொட்டை வைக்கும்போது, என்னை வேண்டாமென்று விட்டுவிட்டார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டுதான் வைத்திருக்கவேண்டும்.

தோட்டம் கைமாறி லயங்கள் காலியானபோது இரண்டு குடும்பமும் ஈப்போவுக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளுக்கு வந்தோம். அக்காவும் நானும் ஒரே சட்டை ஃபேக்டரியில் சேர்ந்தோம். அங்கேயும் அதே வாய்தான். சூப்பர்வைசர் யாரையாவது திட்டத் தொடங்கினால், திட்டு எங்கே போய் முடியும் என்று எங்கள் காதில் முன்கூட்டியே ஓதிவிடுவார். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திட்டு வாங்கினோம். அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய பொட்டைப் பற்றி வேறு பேச்சும் நடந்தது. பேசியவளுகளை நான் சும்மா விடவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அவர் மகளுக்குக் கமுந்திங்கிலிருந்து நல்ல வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பத்திரிகை அடிக்கவேண்டும், அப்பா இருக்கிறாரா, இல்லையா? கேட்டதில் தப்பில்லை. இருக்கிறார் என்றால் அக்கா மணவறைக்குப் பக்கத்தில் நின்று மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கலாம். இல்லை என்றால் பின்னால் போய் உட்காரவேண்டும். இந்த முறையை எந்த மகராசன் ஏற்படுத்தினானோ, அவனுக்கு ஒரு மகள் இருந்து, அவளை ஒற்றை ஆளாக வளர்த்து ஆளாக்கியிருந்தால் தெரிந்திருக்கும். "இருக்காருன்னு போடுங்க" என்றார் அக்கா. சரி, யோசித்துச் சொல்லுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்த வீடியோக் கடை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம் எடுக்க ஈப்போ டவுனுக்குப் போயிருந்தோம். நான் கடைக்காரத் தவுக்கேயிடம் வாடகை பேசிக்கொண்டிருக்கும்போது அக்கா கடைக்குள்ளிருந்து கத்தினார். "ஏய் புள்ள, இங்க வாயேன்! ஸ்டேசன்! நம்ம ஸ்டேசன்லா!" அட்டைப் பெட்டியின் மேல் அந்த விளக்கு, அந்தப் பனி, அந்தப் பழைய மாஸ்டர். கடையில் இருந்த சீனப் பிள்ளைகள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை மகளுக்கு வரன் அமைந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து என் வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். வெக்கை தாங்கவில்லை. அக்காவுக்கு ஒவ்வொரு வசனமும் மனப்பாடம். எழுத்து வருவதற்கு முன்பே சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு மாலுமி, கடலில் போனவன், ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருகிறான். மனைவி மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இவன் எதிரில் உட்கார்ந்து, இவ்வளவு நாள் ஆகிவிட்டது என்கிறான். அவள் பெருமூச்சு விட்டு, ஆமாம் என்கிறாள்.

"இங்கதான் இஞ்சின் நிக்கும்" என்று அக்கா கையைத் தூக்கினார்.

இஞ்சின் நிற்கவில்லை. படம் ஓடியது. அவள் ஆமாம் என்று சொன்னது அடுப்படியிலிருந்த தங்கைக்கு. மாலுமி மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அவளுக்குக் கேட்கவில்லை. கையைப் பிடிக்கப் போகிறான். அவள் எழுந்து, அவன் ஊடாகவே போவது மாதிரி போய் ஜன்னலைச் சாத்துகிறாள். அவன் விடியும்வரை அழைத்துப் பார்த்துவிட்டு ஸ்டேசனுக்குத் திரும்பிப் போகிறான். மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் ரயில் கதவைத் திறந்துவிடுகிறார்.

"டேப்பு மாறிப் போச்சு" என்றார் அக்கா.

அடுத்த கதையைப் போட்டோம். அதிலும் அதேதான். அதற்கு அடுத்ததிலும். செத்தவர்கள் வருகிறார்கள், உயிரோடு இருப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை. அந்த நாடகமே அதுதான். ஊர் உலகத்துக்கெல்லாம் முதல் வாரமே தெரிந்துபோன விசயம் எங்கள் தோட்டத்துக்கு மட்டும் தெரியாது.

முதலில் அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. "ரெண்டாவது பாதிய எழுதினவன் வேற ஆளு. மொத பாதிய எழுதினவனுக்கு மனசு இருந்துச்சு, இவனுக்கு இல்ல" என்றார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே டேப்புகளை மறுபடி எடுக்கச் சொன்னார். இம்முறை எழுத்தைப் படிக்கவில்லை. படத்தை மட்டும் பார்த்தார். நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பப் பார்த்தார்.

"இல்ல புள்ள. இவன் மொதல்லயே காட்டிட்டான். பாரு, ஒரு தட்டுத்தான் வச்சிருக்கா. பாரு, அவன் உள்ள வந்ததும் குளுருதுன்னு போர்வைய இழுத்துக்கிறா. ஒருதரம்கூட அவன் கண்ணப் பாக்கல. நான் எழுத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன், மூஞ்சியப் பாக்கல. ஒங்களுக்கெல்லாம் தப்புத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."

"நாடகம்தானேக்கா, விடுங்கலா" என்றேன்.

"நாடகம்னு எனக்குத் தெரியாதா?" என்று சட்டென்று திரும்பினார். "வேற யாரு இதப் பத்தி எங்கிட்ட பேசுனா சொல்லு. எங்க வீட்டுக்காரரு பேச்ச எடுத்தா ஆளாளுக்குக் கருமாதின்னான், இல்லன்னா வாய மூடிக்கிட்டான். அவரு எங்க போயிருப்பாரு, வந்தா எப்படி வருவாருன்னு இது ஒண்ணுதான் சொல்லிச்சு."

பக்கத்திலேயே இருந்த நானும் கேட்டதில்லை. கேட்டால் அழுதுவிடுவாரோ என்ற பயம்தான் எல்லாருக்கும்.

பிறகு அவர் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. வெள்ளத்துக்குப் பிந்தின மாதங்களில் லயத்து வீட்டில் என்னென்ன நடந்தது என்று என்னிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். ஒருநாள் பின்கதவு தானாகத் திறந்து கிடந்ததே, நாயா தள்ளியது? மகள் தூக்கத்தில் அப்பா என்று கூப்பிட்டாளே, அது எந்த மாசம்? "வந்திருக்காரு புள்ள. வந்து உக்காந்து கூப்பிட்டிருக்காரு. எனக்குத்தான் தெரியல. வேலைக்குப் போறதுக்கு அவசர அவசரமா வாளியத் தூக்கிக்கிட்டு அவரு ஊடாலயே போயிருப்பேன்." இதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. ஒரு பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தார். விட்டுப் போனவருக்குப் பதிலாக, வந்து பார்த்துவிட்டுப் போன ஒருவர் அவருக்குக் கிடைத்துவிட்டார். அவரைச் சாகடித்தால்தான் அது முடியும்.

அவரே கமுந்திங்குக்குச் சொல்லி அனுப்பினார். பத்திரிகையில் காலஞ்சென்ற என்று போட்டார்கள். கணவரின் அண்ணன் கிந்தா ஆற்றங்கரையில் கருமாதி செய்தார். உடல் இல்லாததால் தர்ப்பைப்புல்லில் ஓர் உருவம் செய்து எரித்தார்கள். அக்கா பொட்டை அழித்து, தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஆற்றைப் பார்த்து நின்றார். ஃபேக்டரியில் முதுகுக்குப் பின்னால் பேசியவளுகள் இப்போது முன்னால் வந்து பரிதாபப்பட்டார்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கல்யாணம் ஈப்போவில் ஒரு கோயில் மண்டபத்தில். அக்காவுக்கு வெளிர்நிறச் சேலை. கடைசி வரிசைக்கும் பின்னால், சமையற்கட்டு வாசலை ஒட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நானும் பிடிவாதமாக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அப்போதும் அவர் வாய் ஓயவில்லை. ஐயர் மந்திரத்தை முழுங்குகிறார், மாப்பிள்ளைக்கு மாலை பெரிதாகிவிட்டது, தவில்காரருக்குத் தூக்கம் வருகிறது.

மாப்பிள்ளை வீட்டாரோடு காம்பாரிலிருந்து ஒரு லோரி டிரைவர் வந்திருந்தான். முன்னொரு காலத்தில் பகாங்கில் அதே காண்டிராக்டரிடம் வேலை செய்தவன். அக்காவை எட்ட இருந்தே அடையாளம் கண்டு, சிரித்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, என்னைத் தெரியுதா? அண்ணன் வந்திருக்காரா? போன மாசம் மெந்தகாப்ல பாத்தேன்லா. கோப்பிக் கடையில உக்காந்திருந்தாரு. பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பிப் பாத்தாரு, பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. என்னா கோவமோ..."

அப்போதுதான் அவன் அக்காவின் நெற்றியைப் பார்த்தான்.

"எப்படி இருக்காரு?" என்று அக்கா கேட்டார்.

"நல்லா... நல்லாத்தான் இருக்காருக்கா. முடியெல்லாம் நரைச்சுப் போச்சு. தொப்பை போட்டிருக்காரு. ஆனா அவருதான். தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது." அவன் மெல்ல நகர்ந்து போய்விட்டான்.

மணவறையில் இன்னும் தாலி எடுக்கவில்லை. நேரம் இருந்தது. பக்கத்து மேசையிலிருந்த குங்குமச் சிமிழை எடுத்து அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்கக்கா. வச்சுக்கிட்டு முன்னால போலாம். யாரு கேப்பா? நான் பாத்துக்கிறேன், வாங்கலா."

அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சிமிழை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"என் வீட்டுக்காரருக்கு முப்பத்தாறு வயசு புள்ள" என்றார். "அவருக்கு நரைக்காது."

கெட்டிமேளம் கொட்டியது. அரிசி தூவ எல்லாரும் எழுந்து நின்றுவிட்டதால், எங்கள் இரண்டு பேருக்கும் மணவறை தெரியவில்லை.